பழைய கூலன்ட்: மின்சாரம் விட்டும் பால் நிறம் போகவில்லை

கேள்வி: பெங்களூரு பீன்யாவில் சிஎன்சி (கணினி கட்டுப்பாட்டு இயந்திர) பட்டறை. 200 லிட்டர் கழிவுக் கூலன்டிலிருந்து (வெட்டும்போது குளிர்விக்க ஊற்றும் எண்ணெய்-நீர்க் கலவை) எண்ணெயைப் பிரிக்க, அதில் அலுமினியத் தகடுகளைப் பேரலலாக இணைத்து, 30 ஆம்பியர் டிசி ஒரு மணி நேரம் கொடுத்தோம். மேலே கொஞ்சம் நுரை, அடியில் அதே வெள்ளை. எங்கே தப்பு?

பதில் 1: கணக்குப் போட்டுப் பாருங்க. தகட்டிலிருந்து கரையும் அலுமினியம்தான் எண்ணெய்த் துளிகளைத் திரட்டும்; ஒரு ஆம்பியர்-மணிக்குச் சுமார் 0.335 கிராம் கரையும். உங்களுடையது 10 கிராம், அதாவது லிட்டருக்கு 50 மில்லிகிராம். எண்ணெய் நுண்துளிகளாகக் கலந்து நிற்கும் கூலன்ட் எமல்ஷனுக்கு இது ரொம்பக் குறைவு. 100 ஆம்பியரில் 2 மணி நேரம் ஓட்டினால் லிட்டருக்கு 335 மில்லிகிராம் வரும். அதற்கு முன் மேலே மிதக்கும் ஸ்லைடுவே எண்ணெயை (இயந்திரத்தின் சறுக்குத் தடங்களுக்குப் போடும் எண்ணெய்) வழித்தெடுத்துவிடுங்கள். அது தகட்டில் அப்பிக்கொள்ளும்.

பதில் 2: பிஹெச் (அமில-காரத் தன்மை) பார்த்தீர்களா? கூலன்ட் 9 பக்கம் இருக்கும். அங்கே அலுமினியத்தில் ஒரு பகுதி அலுமினேட் என்ற உப்பாகக் கரைந்தே நிற்கும், சரியாகத் திரளாது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு 6.5-க்கு இறக்குங்கள். ஓடும்போது பிஹெச் மறுபடி ஏறும். வோல்ட் ஏறி ஆம்பியர் விழுந்தால் தகட்டில் ஆக்சைடு படிந்திருக்கிறது: 200 கிராம் உப்பு போடுங்கள், 15 நிமிடத்துக்கு ஒருமுறை போலாரிட்டியை (பிளஸ்-மைனஸ்) மாற்றுங்கள்.

பதில் 1: தொட்டியை மூடவே மூடாதீர்கள், ஹைட்ரஜன் வரும். பக்கத்தில் கிரைண்டிங் பொறி கூடாது.

கேள்வி: தெளிந்த தண்ணீரைச் சாக்கடையில் விடலாமா?

பதில் 2: வேண்டாம். எண்ணெய் போனாலும் கூலன்டில் கரைந்த அமீன், கிளைக்கால் போன்ற ரசாயனங்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கும், சிஓடி (கரிம மாசின் அளவு) போதுமான அளவு இறங்காது. தண்ணீரைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்புங்கள். எண்ணெய்ச் சகதி அபாயக் கழிவு, தனி டிரம்மில் வையுங்கள்.