மறு: ஜன்னலில் காற்று போகும் பரப்புக்கு என்ன சொல்?

> “நிகரத் தடையற்ற பரப்பளவு” என்று வைத்தால் பொருள் முழுதாக வந்துவிடுகிறதே?

நாம் மொழிபெயர்க்கும் “net free area”-வின் பொருள் அதில் வருகிறது ஐயா. ஆனால் சாரத்தில் நிற்கும் கொத்தனாரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். வரைபடத்தின் ஓரக்குறிப்பிலும் அவர் வாயிலும் ஒருசேர நிற்கிற சொல்லாக வேண்டும்.

“திறப்பளவு” சுருக்கமானதுதான். சிக்கல் என்னவென்றால், ஜன்னல் வைக்கச் சுவரில் விடும் இடத்தையே வேலையாட்கள் ஓப்பனிங் என்கிறார்கள். நாலுக்கு நாலு ஜன்னல் என்றால் திறப்பளவு 16 சதுர அடி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அதில் இரண்டு கதவு கொண்ட ஸ்லைடிங் ஜன்னலைப் போட்டால் பாதிதான் திறக்கும், 8 போயிற்று. சட்டமும் கொசுவலையும் அடைப்பதைக் கழித்தால் இன்னும் குறையும். வலையில் தூசி படிந்தபின் அது வேறு கணக்கு. கடைசியில் மிஞ்சுகிறதே, அதற்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம்.

கூரையில் இந்தக் குழப்பம் இன்னும் பெரிது. அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு, சரிவுக் கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவிலுள்ள வெளிக்கு அதன் தரைப்பரப்பில் 150-இல் ஒரு பங்கைக் காற்று போகும் பரப்பாகக் கேட்கிறது. சில நிபந்தனைகள் நிறைவேறினால் 300-இல் ஒரு பங்கு போதும். முதல் கணக்குப்படி 1,500 சதுர அடிக்கு 10 சதுர அடி. இந்த 10, லூவரில் (சாய்தகடுகள் அடுக்கிய காற்றுத்திறப்பில்) தகடும் வலையும் போக மிஞ்சுவது. மொழிபெயர்ப்பில் வெறும் “பரப்பு” என்று விட்டால், படிப்பவர் லூவரின் வெளிச்சட்டத்தை அளந்து 10 என்று குறித்துவிட்டுப் போவார். உள்ளே வெக்கை அப்படியே இருக்கும்.

> காலதர் என்ற பழஞ்சொல்லை மீட்கலாமே.

சிலப்பதிகாரத்துக் காலதர் எனக்கும் பிடித்த சொல். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. ஆனால் அது ஜன்னலுக்கே பெயர். நமக்கு வேண்டியது அளவு.

அதனால் என் முன்மொழிவு “காற்றுவழிப் பரப்பு”. வெளியளவுக்குச் “சட்டகப் பரப்பு”. (சட்டப் பரப்பு என்றால் வக்கீல் வந்துவிடுவார்.)

அப்புறம் இன்னொன்று. முகட்டில் காற்றுப்போக்கி வைத்துவிட்டு இறவாரத்தை அடைத்துவிடுகிறவர்கள் உண்டு. கீழே காற்று புக இடமில்லாமல் மேலே சூடான காற்று எப்படி வெளியேறும்? எனவே இரண்டுக்கும் ஒரே பெயர் வேண்டாம். இப்போதைக்கு “இறவார உள்வழி”, “முகட்டு வெளிவழி” என்று குறித்திருக்கிறேன். இதைவிடச் சுருக்கமாகத் தோன்றினால் எழுதுங்கள்.