பொருள்: எல்யூஷன், எல்யூவென்ட், எல்யூயேட் – தமிழில்?

செய்முறைக் கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. நிலவேம்பிலிருந்து அதன் கசப்புச் சேர்மமான ஆண்ட்ரோகிராஃபோலைடைப் பிரிக்கும் பாடம்: நிழலில் உலர்த்திய இலைத்தூள், முதலில் ஹெக்சேனால் கொழுப்பு நீக்கம், பிறகு மெத்தனால் சாறு, குறைந்த அழுத்தத்தில் 50 டிகிரிக்குள் வற்றவைப்பு. 60–120 மெஷ் (சல்லடை அளவு) சிலிக்கா நிரப்பிய குழாயில் ஏற்றி, குளோரோஃபார்மில் தொடங்கி மெத்தனாலைச் சிறிது சிறிதாகக் கூட்டுகிறோம். மேலே ஊற்றும் கரைப்பான் (எல்யூவென்ட்), கீழே சொட்டுவது (எல்யூயேட்), சேர்மங்கள் பிரிந்து வரும் அந்த நிகழ்வு (எல்யூஷன்), மூன்றுக்கும் சொல் வேண்டும். பழைய பதிப்பில் ‘கழுவுதல்’. குழாயைக் கழுவச் சொல்வதாகப் பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள்.
– நாகர்கோவில்

லத்தீன் மூலமும் கழுவுதல்தான், அதனால் என்ன. ‘வடித்தல்’ வேண்டாம், வடிகட்டலும் காய்ச்சி வடித்தலும் ஏற்கெனவே அடித்துக்கொள்கின்றன. அக்கானி (பதநீர்) இறக்கும் ஊர் நம்முடையது, வைத்தியர் குழித்தைலம் இறக்குகிறார். ‘இறக்கல்’ போதும். கரைப்பான் ‘இறக்கி’ (தாங்கி, காட்டி போல வினைமுதல் விகுதி), சொட்டுவது ‘இறங்குநீர்’. வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும்.
– தக்கலை

‘இறக்கும் சேர்மம்’ என்று ஒருவன் எழுதினால் சேர்மம் செத்ததா, இறங்கியதா? திருமுருகாற்றுப்படையில் அருவி ‘இழிதரும்’, அதாவது கீழிறங்கும். ‘இழிமம்’ என்றால் ஒரே சொல்லில் முடிந்தது.
– மார்த்தாண்டம்

அண்ணாச்சி, ‘இழிமம் தூய்மையானது’ என்று வாய்மொழித் தேர்வில் சொன்னால் தேர்வாளர் சிரித்துவிடுவார்! சொல்லை விடுங்கள், பாடத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. சாற்றை மெத்தனால் கரைசலாகவே ஏற்றினால், அந்த மெத்தனாலே எல்லாவற்றையும் ஒன்றாகக் கீழே தள்ளிவிடும். கொஞ்சம் சிலிக்காவில் பிசறி, பொடியாகும்வரை உலர்த்தி ஏற்றச் சொல்லுங்கள். மெத்தனாலைத் திடீரென்று கூட்டினால் சூடேறிக் குமிழி விட்டு சிலிக்கா பிளக்கும், சேர்மப் பட்டை கோணும். 20 மில்லிக்கு ஒரு குப்பி மாற்றி, டிஎல்சி (மெல்லடுக்கு நிறப்பகுப்பு) தகட்டில் தூய ஆண்ட்ரோகிராஃபோலைடை அருகே வைத்து ஓட்டவேண்டும். 254 நானோமீட்டர் விளக்கில் புள்ளி மங்கல்தான். நிறங்காட்டும் கெட் கரைசல் தெளித்தால் செவ்வூதா காட்டும். ஒரே புள்ளி என்பதும் முடிவல்ல, மெத்தனாலில் படிகமாக்கி உருகுநிலை, என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) பார்க்கவேண்டும்.
– குளச்சல்

சேர்த்துவிட்டேன், நன்றி. பெரும்பான்மை ‘இறக்கி, இறக்கல், இறங்குநீர்’. முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் எல்யூவென்ட் என்று தமிழெழுத்தில் வரும். மேலும் இழுக்க நேரமில்லை.
– நாகர்கோவில்

என் எதிர்ப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘நீர்’ என்று பார்த்து ஒரு பையன் குளோரோஃபார்மைக் கழுவுதொட்டியில் ஊற்றினால்?
– மார்த்தாண்டம்

சித்த மருத்துவத்தின் உப்புக் கரைசலான செயநீரிலும் ‘நீர்’ இருக்கிறது, அதை யார் குடித்தார்கள், ஐயா?
– தக்கலை