தனிச்செல் மின்… மறுப்பா, மறிப்பா, தளையா? (வெள்ளிக்குள் வேண்டும்)

இராயபுரம், ஆய்வகப் பயிற்சி ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் நாங்கள் நடத்தும் லேப் டெக்னீசியன் வகுப்புக்கு ஒரு சுவர்ப்படம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பிள்ளைகளில் பாதிப் பேர் தமிழ்வழியில் படித்தவர்கள். விஷயம் இதுதான்: மயிரிழையைவிடக் குறுகலான தடத்தில் உப்புக்கரைசலோடு இரத்தச் செல்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு, பொன் அல்லது பிளாட்டின மின்முனைகளில் மாறுமின்னோட்டம் கொடுத்து, ஒரு செல் கடக்கும் கணத்தில் இம்பீடன்ஸ் (மாறுமின்னோட்டம் சந்திக்கும் மொத்த எதிர்ப்பு) எவ்வளவு மாறுகிறது என்று அளக்கிறார்கள். சாயம் ஏற்றத் தேவையில்லை. இந்த முறைக்கு ஒரு தமிழ்ப்பெயர் வேண்டும். "நுண்பாய்ம ஓருயிரணு மின்மறுப்பு அளவையியல்" என்று எழுதிப் பார்த்தேன். வாயில் நுழையவில்லை. உதவுங்கள்.

தண்டையார்பேட்டை, கருவிப் பொறியாளர்:

அம்மா, "மறுப்பு" வேண்டாம். ரெசிஸ்டன்ஸ், ரியாக்டன்ஸ், இம்பீடன்ஸ் மூன்றுக்கும் தடை, எதிர்ப்பு, மறுப்பு என்று நூலுக்கு நூல் மாற்றிப் போட்டுப் பிள்ளைகளைக் குழப்பி வைத்திருக்கிறோம்.

உங்கள் மாணவர்கள் இரத்த அணுக்களை எண்ணப் பயன்படுத்தும் கருவிகள் பலவற்றில் இருப்பது கூல்ட்டர் முறை. வாலஸ் கூல்ட்டர் 1953-இல் காப்புரிமை பெற்றார். அதில் நேர்மின்னோட்டம். துளையைக் கடக்கும் செல் தன் பருமனளவு கரைசலை விலக்கும், தடை கூடும், ஒரு துடிப்பு எழும். அதற்குத் "தடை" போதும். மாறுமின்னோட்டத்தில் அப்படி முடிவதில்லை. அரை மெகாஹெர்ட்ஸ் அளவில் செல்சவ்வு மின்னோட்டத்தை உள்ளே விடாது, பருமன் மட்டும் தெரியும். சில மெகாஹெர்ட்ஸுக்கு ஏறினால் சவ்வின் மின்தேக்குத்திறன் வெளிப்படும். அதற்கும் மேலே போனால் மின்புலம் சவ்வைத் தாண்டி உள்ளிருக்கும் சைட்டோபிளாசத்தையே தொடும். 1925-இல் ஹ்யூகோ ஃபிரிக் சிவப்பணுச் சவ்வின் தடிமன் சுமார் 3.3 நானோமீட்டர் என்று கணித்தது இந்த மின்தேக்குத்திறனை வைத்துத்தான். நுண்ணோக்கியில் சவ்வை யாரும் பார்த்திராத காலம் அது!

சவ்வு தடுப்பதோடு நிற்கவில்லை; மின்னூட்டத்தை வாங்கி வைத்துத் திருப்பியும் கொடுக்கிறது. அந்தத் திருப்பம் சொல்லுக்குள் வர வேண்டும்.

பெரம்பூர், தமிழாசிரியர் (ஓய்வு):

வேரைப் பார்ப்போம். 1886-இல் இம்பீடன்ஸ் என்ற சொல்லை ஆக்கியவர் ஆலிவர் ஹெவிசைடு. அதன் இலத்தீன் வேர், காலைப் பிணிப்பது. நம்மிடம் அதற்கு நேர்ச்சொல் இருக்கிறது: தளை. யாப்பில் நின்ற சீரின் ஈறும் வரும் சீரின் முதலும் கூடும் உறவுக்கும் தளை என்றே பெயர். மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒன்றையொன்று முந்தியும் பிந்தியும் நடக்கும் உறவைத்தானே ஐயா நீங்கள் அளக்கிறீர்கள்? புணர்ச்சியிலும் கவனம் தேவை. மின், பின், பன், கன் நான்கையும் தொல்காப்பியரும் நன்னூலாரும் தொழிற்பெயர் போலவே கொள்வர்; வல்லினம் வந்தால் இடையில் உகரம் சேரும். ஆகவே "மின்தளை" அன்று, "மின்னுத்தளை".

வியாசர்பாடி, மாணவர்:

ஐயா, மன்னிக்கணும். மின்னுத்தளைன்னு படத்துல போட்டா எங்க வகுப்புல ஒருத்தருக்கும் புரியாது. இம்பீடன்ஸ்னே தமிழ்ல எழுதிடலாமே? தமிழ்ச்சொல்தான் வேணும்னா மறியல் எல்லாருக்கும் தெரியும். பேசின் பிரிட்ஜ்ல ரயில் மறியல்னா சின்னப் பையனுக்கும் தெரியும். மின்மறிப்புன்னு வைங்க.

தண்டையார்பேட்டை:

தம்பி சரியான இடத்தைத் தொட்டிருக்கிறார். மறித்தல் தடுப்பது, மறிதல் திரும்புவது, மீள்வது. நான் கேட்ட இரண்டும் ஒரே வேரில் இருக்கின்றன.

பெரம்பூர்:

வேரில் இருப்பது உண்மை. ஆனால் "மறிப்பு" பிறவினையிலிருந்து வருவது, அதில் தடுப்பு மட்டுமே நிற்கும். மீளுதல் வேண்டுமானால் தன்வினையிலிருந்து "மறிவு" என்க. மின்மறிவு.

மணலி, மொழிபெயர்ப்பாளர்:

இம்பீடன்ஸிலேயே நிற்கிறீர்கள், செல்லை யார் பார்ப்பது? மின்சுற்று பற்றிய படத்தில் "செல்" என்றால் மின்கலம் என்றுதான் முதலில் தோன்றும். கைப்பேசியும் செல், புத்தகத்தை அரிப்பதும் செல். உயிரணு என்றால் அணுவோடு மோதும். இலங்கையில் அழகாகக் "கலம்" என்கிறார்கள். அகநானூறு 149-இல் யவனரின் நன்கலம் பொன்னொடு வருகிறது. இங்கே கலம் பொன் மின்முனைமேல் கடந்து போகிறது. இதைவிடப் பொருத்தம் வேண்டுமா?

பெரம்பூர்:

அந்தக் கலம் மரக்கலம். காசிமேட்டுப் பிள்ளைகள் படகு என்றே கொள்வார்கள். "ஓருயிரணு"வும் ஆகாது, ஒருசெல் உயிரி என்று அமீபாவைச் சொல்கிறோம். இங்கே பல செல்களில் ஒன்றைத் தனியே அளக்கிறார்கள். "தனி"தான் சரி. வலி மிகும்.

வியாசர்பாடி:

நுண்கால்வாய்னு மட்டும் போட்டுடாதீங்க. கால்வாய்னா எங்களுக்கு பக்கிங்காம் கால்வாய்தான். சாக்கடைத் தண்ணி ஞாபகம் வரும், ரத்தப் பரிசோதனைப் படத்துக்கு வேணாம்.

மணலி:

பெயர் நமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காகக் கால்வாயை விடுவதா? கால் என்றாலே நீரோடும் வழி. தெலுங்கிலும் காலுவ. வாய்க்கால், மதகு, மடை என்று நீர் மேலாண்மைச் சொற்கள் இத்தனை இருக்க, ஃப்ளூயிடுக்குப் "பாய்மம்" என்று ஒன்றை ஏன் கட்டினார்கள் என்பதே எனக்கு நெடுநாள் வருத்தம். இதைத் தனி இழையில் எழுதுகிறேன்.

இராயபுரம், வியாழன் இரவு:

எல்லோருக்கும் நன்றி. அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்: "நுண்தடத் தனிச்செல் மின்மறிப்பு அளவீடு". ஐந்து பேரில் மூவர் மறிப்புக்கு. பொறியாளர் ஐயா, ஒன்று விட்டுப்போயிற்று. உயர் அதிர்வெண் மறிப்பைக் குறை அதிர்வெண் மறிப்பால் வகுத்துவரும் விகிதத்தை ஒபாசிட்டி என்கிறார்களே, செல்லின் பருமனைக் கழித்துச் சவ்வின் தன்மையைக் காட்டுவது. இப்போதைக்கு அந்தக் கட்டத்தில் "ஒபாசிட்டி" என்றே விட்டிருக்கிறேன். அடுத்த பதிப்புக்குச் சொல் தேவை.

பெரம்பூர்:

மறிப்பை நான் ஏற்கவில்லை என்பது பதிவில் இருக்கட்டும். "நுண்தடம்" சந்தி சேர்ந்தால் நுண்டடம்; அதையும் விட்டுவிட்டீர்கள். ஒபாசிட்டிக்கு அகராதியைப் பார்த்து "ஒளிபுகாமை" என்று மட்டும் போட்டுவிடாதீர்கள் அம்மா. இந்த அளவீட்டில் ஒளியே இல்லை.