தாய்லாந்துப் பிள்ளைகளின் ஆங்கிலம்: திருத்தித் திருத்திக் கை ஓய்ந்துவிட்டது, எங்கிருந்து தொடங்குவது?

சாக்பீஸ்தூள்:

வணக்கம். சியாங் மாயில் ஒரு பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறேன். மத்தயோம் 4, நம் ஊர்க் கணக்கில் பத்தாம் வகுப்பு. பிள்ளைகள் ஆரம்ப நிலையைத் தாண்டியவர்கள். நான் பேசுவது புரிகிறது, பதிலும் சொல்கிறார்கள். ஆனால் போன வருடம் செய்த அதே பிழைகள் இந்த வருடமும் வருகின்றன. (தாய் மொழி என்று எழுதினால் எல்லாரும் தாய்மொழி என்று படிப்பீர்கள், அதனால் தாய்லாந்து மொழி என்றே எழுதுகிறேன்.)

ஒரு மாணவியின் நோட்டில் இருந்தது இது:

"யெஸ்டர்டே ஐ கோ டு நைட் மார்க்கெட் வித் மை சிஸ்டர். ஹேவ் மெனி பீப்பிள். மை சிஸ்டர் ஷி பை டூ ஷர்ட். ஆல்தோ இட் எக்ஸ்பென்சிவ் பட் ஷி லைக் வெரி மச். ஐ வெயிட் லாங் டைம், ஐ வெரி போரிங்."

கோ, வென்ட், கான் என்று அட்டவணை போட்டு மனப்பாடம் செய்ய வைத்தேன். கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் பத்துக்குப் பத்து. சொந்தமாக எழுதச் சொன்னால் மறுபடியும் "யெஸ்டர்டே ஐ கோ". சிவப்பு மை தீர்ந்ததுதான் மிச்சம். நவம்பர் 1 அன்று அடுத்த பருவம் தொடங்குகிறது. அதற்குள் எதை முதலில் பிடிப்பது என்று யாராவது சொல்லுங்கள்.

பழையபேனா:

நம்ம ஊர்ப் பிள்ளைகளும் இப்படித்தானே எழுதுகிறார்கள்? நிறைய வாசிக்கச் சொல்லுங்கள், தானாகச் சரியாகும்.

சாக்பீஸ்தூள்:

இல்லை சார். நம்ம பிள்ளை "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்" என்பான், ஆர்ட்டிக்கிளை விழுங்குவான். ஆனால் "நேற்று போகிறேன்" என்று அவன் வாயில் வராது. இங்கே அந்த இடத்தில்தான் சறுக்கல்.

வாட்கேக்வாசி:

பாங்காக்கில் சீலோம் மாரியம்மன் கோயில் பக்கம் வெகு வருடங்களாக இருக்கிறேன் (இங்கே அதை வாட் கேக் என்பார்கள்). மாலையில் டியூஷன் எடுக்கிறேன். உங்கள் மாணவி எழுதியதை அப்படியே தாய்லாந்து மொழியில் சொல்லிப் பாருங்கள், ஒரு பிழையும் இருக்காது.

அவர்கள் மொழியில் வினைச்சொல் உருமாறவே மாறாது. போவதற்கு "பை", நேற்றும் "பை", நாளைக்கும் "பை". நேற்று என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் காலம் முடிந்தது, அதை வினையிலும் இன்னொரு முறை சொல்வது அவர்களுக்கு வீண் வேலை. அதனால்தான் கோடிட்ட இடத்தில் சரியாகப் போடுகிறார்கள். அங்கே கேள்வியே "இது இறந்தகாலம்" என்று கையைப் பிடித்துக் கொடுக்கிறது.

"டூ ஷர்ட்" எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே "ஸுவா ஸோங் துவா", அதாவது சட்டை, இரண்டு, துவா. சட்டைக்கும் பூனைக்கும் மேசைக்கும் எண்ணிக்கை சொல்ல இதே துவாதான். ஆட்களுக்கு "கொன்". நாம் "பிள்ளைகள் மூணு பேர்" என்கிறோமே, அந்தப் "பேர்" மாதிரி, ஆனால் எல்லாப் பொருளுக்கும் உண்டு. எண் வந்துவிட்டது, துவா வந்துவிட்டது, இதற்கு மேல் ஓர் "எஸ்" எதற்கு என்றுதான் பிள்ளை நினைக்கும்.

"ஹேவ் மெனி பீப்பிள்" என்பது "மீ கொன் யெ". "மீ" என்றால் உண்டு, இருக்கிறது, வைத்திருக்கிறேன் எல்லாமே. நமக்கு "இருக்கு" இரண்டு வேலையும் பார்ப்பதுபோல. இது ஒரு வாரத்தில் போய்விடும். வாக்கியத்தின் முதல் சொல்லாக ஹேவ் வந்தால் அடித்துவிட்டு "தேர் இஸ்", "தேர் ஆர்" பார்க்கச் சொல்லுங்கள், போதும்.

"இட் எக்ஸ்பென்சிவ்" விஷயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் "பென்" போடுவார்கள்: "காவ் பென் க்ரூ", அவர் ஆசிரியர். விலை அதிகம், அழகு, பசி எல்லாம் அவர்கள் மொழியில் வினை மாதிரி நடக்கும், பென் தேவையில்லை. அதனால் "ஷி இஸ் எ டீச்சர்" சரியாக வரும், "ஷி பியூட்டிஃபுல்" தப்பாக வரும். ஒரே பிள்ளை, ஒரே பத்தியில். ஆனால் அழுத்திச் சொல்லிக்கொடுத்தீர்களானால் "ஷி இஸ் லைக்" என்று எல்லா இடத்திலும் இஸ் முளைக்கும், அதற்கும் தயாராக இருங்கள்.

"ஆல்தோ... பட்" பெரிய நோயில்லை. அவர்கள் மொழியில் இரண்டு இணைப்புச் சொல்லும் ஜோடியாக வரும். ஒன்றை வெட்டச் சொன்னால் வெட்டிவிடுவார்கள்.

எனக்குப் பிடித்தது அந்த "போரிங்". "ஐ ஆம் போரிங்" என்று எழுதினால் உடனே ஈடி, ஐஎன்ஜி என்று விதி சொல்லப் போய்விடுகிறோம். வேண்டாம். அந்த வேறுபாடு அவர்கள் மொழியிலேயே சுத்தமாக இருக்கிறது. "ரக்" என்றால் நேசம், "நா ரக்" என்றால் நேசிக்கத் தோன்றுகிற, குழந்தையைப் பார்த்ததும் எல்லாரும் சொல்வது. "ஸொன்ஜாய்" ஆர்வமாக இருக்கிறேன், "நா ஸொன்ஜாய்" ஆர்வமூட்டுகிறது. போர்டில் "நா = ஐஎன்ஜி" என்று எழுதுங்கள். என் டியூஷனில் ஒரு பையன் அதைப் பார்த்துவிட்டு "டீச்சர், அப்போ நான் இத்தனை நாளாக என்னைத்தான் அறுவை ஆள் என்று சொல்லிக்கொண்டிருந்தேனா?" என்று கேட்டான்.

அதேபோல "ஐ எவர் கோ டு புகெட்" என்பார்கள். அது "கோய்" என்ற சொல், முன்பு எப்போதோ செய்த அனுபவம். கோய் வந்தால் "ஹேவ் பீன்" என்று முடிச்சுப் போட்டுவிடுங்கள்.

காலத்தைக் கடைசியில் எடுங்கள். அது மெதுவாகத்தான் வரும்.

கடைசிபெஞ்ச்:

ஒன்று சேர்க்கிறேன். "எஸ்", "ஈடி" விடுபடுவதெல்லாம் இலக்கணப் பிழைதானா என்று முதலில் பார்த்துவிடுங்கள் அக்கா. தாய்லாந்துச் சொல்லின் கடைசியில் எஸ் ஒலியே நிற்காது, ட் ஆகிவிடும். எல் ஒலி ன் ஆகிவிடும். சாப்பாட்டுக் கடையில் "செக் பின்" என்கிறார்களே, அது பில். பஸ் அவர்கள் வாயில் "பட்". அப்படிப்பட்ட வாய்க்கு "ஷர்ட்ஸ்", "வாக்ட்" இரண்டும் மலை ஏறுவது மாதிரி. அவர்கள் சரியாக எழுதிய ஐந்து வாக்கியத்தை அவர்களையே வாசிக்கச் சொல்லுங்கள். தாளில் எஸ் இருந்து வாயில் இல்லையென்றால் அது உச்சரிப்பு, சிவப்பு மைக்கு அங்கே வேலையில்லை.

சாக்பீஸ்தூள்:

செய்து பார்த்தேன் தம்பி. நன்றாக எழுதுகிற ஆறு பேரை வாசிக்கச் சொன்னேன். தாளில் "டூ கேட்ஸ்", வாயில் "டூ கேட்". ஆறு பேரும்! இவர்களுக்கு நான் வாய்மொழித் தேர்வில் இலக்கணத்துக்கென்று மதிப்பெண் குறைத்திருக்கிறேன்.

"நா" விஷயம் ஒரே வகுப்பில் ஏறிவிட்டது. காலத்துக்கு இப்போது ஒரு வழி பார்க்கிறேன். கதையின் முதல் வரியில் மட்டும் "லாஸ்ட் சாங்க்ரான்" (இங்கத்தப் புத்தாண்டு, ஏப்ரலில் வரும்) என்று இருக்கும், அப்புறம் நாள், நேரம் எதுவும் எழுதக் கூடாது. எழுதி முடித்ததும் பச்சைப் பேனாவால் வினைச்சொல்லை மட்டும் வட்டமிட்டுக்கொண்டே வரவேண்டும். முதல் தடவை ஒருத்தி பதினோரு வட்டம் போட்டாள், நாலைத் தானே மாற்றினாள். நான் வாய் திறக்கவில்லை.

இன்னொன்று பாக்கி. "யூ டிட்ன்ட் பிரிங் யுவர் ஹோம்வொர்க்?" என்று கேட்டால் "யெஸ், டீச்சர்" என்கிறார்கள். கொண்டுவந்தார்களா, இல்லையா?

வாட்கேக்வாசி:

கொண்டுவரவில்லை. நீங்கள் சொன்னதை ஆமோதிக்கிறார்கள். "சாப்பிடலையா?" என்று கேட்டால் நாமும் "ஆமா, சாப்பிடல" என்பதில்லையா?

சாக்பீஸ்தூள்:

ஐயோ, காலையில்தான் பள்ளி அலுவலகத்தில் "யூ டோன்ட் வான்ட் காஃபி?" என்றார்கள், "யெஸ்" என்றேன். காஃபி கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்.