பிறந்த ஆண்டு எதுவானாலும் நிரலில் 2000 வருவது ஏன்?

சம்மாந்துறை ஆலைக் கணக்கர்:
அனைவருக்கும் ஸலாமும் வணக்கமும். எங்கள் ஊர் அரிசி ஆலையொன்றின் நெற்கொள்வனவுப் பதிவுகளைப் பராமரிக்கும் வேலை அண்மையில் என்னிடம் வந்தது. முன்பிருந்தவர் பைதனில் எழுதிவைத்த நிரலைக் குறை கண்டுபிடிக்கும் நோக்கத்துடனேயே வாசிக்கத் தொடங்கினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். விவசாயியின் இலங்கைத் தேசிய அடையாள அட்டை இலக்கத்தில், பெண்ணாயின் பிறந்த நாளின் எண்ணுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். அதிலிருந்து பாலையும் பிறந்த நாளையும் எடுக்க வேண்டுமென்றால், நான் "500 இலும் கூடியதா" என்று கேட்டு, கூடியதாயின் கழித்து, ஏழெட்டு வரிகள் எழுதியிருப்பேன். அவரோ நாளைக் குறிக்கும் மூன்று இலக்கங்களையும் 500 ஆல் வகுத்து, ஈவையும் மீதியையும் ஒரே வரியில் பெற்றிருந்தார். ஈவு 1 என்றால் பெண், 0 என்றால் ஆண். மீதி, ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. 574 என்றால் 74 ஆம் நாள் பிறந்த பெண்.

அடுத்த வரிதான் புரியவில்லை. அந்த 74 ஐப் பிறந்த ஆண்டில் எண்ணாமல், எல்லோருக்கும் 2000 ஆம் ஆண்டில் எண்ணியிருந்தார். தவறென்று கருதிப் பிறந்த ஆண்டையே இட்டேன். மறுநாள் முதல் பலரது பிறந்த திகதி ஒரு நாள் பிந்திக் காட்டுகிறது. காரணம் என்ன? இவ்வாறு பிறர் நிரலில் நீங்கள் கற்ற உத்திகள் இருந்தால் அவற்றையும் எழுதுங்கள்.

வந்தாறுமூலை மாணவி:
அவர் எழுதியது சரியே. அடையாள அட்டை இலக்கத்தில் எல்லா ஆண்டுகளுக்கும் பெப்ரவரி 29 நாட்களாகவே கணக்கிடப்படுகிறது. ஆகவே 74 என்பது எந்த ஆண்டிலும் மார்ச் 14 தான். நெட்டாண்டல்லாத, அதாவது பெப்ரவரிக்கு 28 நாட்களே உள்ள 1985 இல் எண்ணினால் அது மார்ச் 15 ஆகிவிடும். 2000 நெட்டாண்டு என்பதால் அதில் எண்ணி, மாதத்தையும் நாளையும் மட்டும் எடுத்துக்கொண்டு, பிறந்த ஆண்டை இறுதியில் சேர்த்திருக்கிறார். பெப்ரவரி முடியும் வரை பிறந்தவர்களுக்கு வேறுபாடு வராது. உங்களுக்கு எல்லோரது திகதியும் பிழையாகாமல் "பலரது" திகதி மட்டும் பிழையானது அதனால்தான்.

அக்கரைப்பற்று வயல்காரன்:
நெற்பதிவு என்பதால் இதுவும் உங்களுக்குப் பயன்படலாம். பெரும்போகம் என்னும் நெற்செய்கைப் பருவம் செப்டெம்பரில் தொடங்கி அடுத்த ஆண்டு மார்ச் வரை நீள்வதால், ஆண்டு வாரியாகக் கூட்டினால் ஒரே போகம் இரண்டாகப் பிளந்துவிடும். நான் வாசித்த ஒரு பழைய நிரலில் எந்த நிபந்தனையும் இல்லாமல், மாதத்திலிருந்து 8 ஐக் கழித்து ஆண்டை எடுத்திருந்தார்கள். செப்டெம்பர் 2024 ஜனவரி 2024 ஆகிறது, மார்ச் 2025 ஜூலை 2024 ஆகிறது. இரண்டும் ஒரே ஆண்டில் விழுகின்றன. திகதி முழுவதையும் நகர்த்தப் போய் நான் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும்: ஒக்டோபர் 31 இலிருந்து 8 மாதம் கழித்தால் பெப்ரவரி 31 வருகிறது! ஆண்டையும் மாதத்தையும் மட்டும் நகர்த்துங்கள்.

வாவிக்கரை:
தம்பி, விசித்திரமாகத் தெரியும் வரியை அழிக்குமுன் அது யாரைக் காப்பாற்றுகிறது என்று பாருங்கள். வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடும் இருமத் தேடலில் நடுவிடத்தைக் காண, இரு முனைகளையும் கூட்டி இரண்டால் வகுக்காமல், கீழ் முனையுடன் இடைவெளியின் பாதியைக் கூட்டியிருப்பார்கள். வீண் சுற்று என்றே நானும் நினைத்தேன். ஆனால் ஜாவா மொழியில் அந்தக் கூட்டல் வழக்கமான முழு எண்ணின் எல்லையான 2147483647 ஐத் தாண்டினால் விடை எதிர்மறையாகிவிடும். ஜாவாவின் சொந்த நூலகத்திலேயே இந்தப் பிழை ஆண்டுக்கணக்கில் கிடந்ததை, அந்த நூலகத்தை எழுதியவர்களில் ஒருவரான ஜோசுவா புளோக் 2006 இல் எழுதினார். பைதனில் முழு எண்ணுக்கு அந்த எல்லை இல்லை, அங்கு நேரடியாகவே கூட்டலாம்.

எல்லா உத்தியும் இந்தத் தரத்தில் இருப்பதில்லை. மூன்றாவது மாறி இல்லாமல், இரு எண்களின் இருமத் துணுக்குகளை (பிட்) ஒப்பிடும் எக்ஸ்-ஓர் செயலைக் கொண்டு இரு எண்களை இடம் மாற்றுவதைச் சிலர் பெருமையாகக் காட்டுவார்கள். இரண்டும் நினைவகத்தின் ஒரே இடத்தைக் குறித்தால் எண் பூச்சியமாகிவிடும். அதை நான் எழுதவும் மாட்டேன், எழுத விடவும் மாட்டேன்.

சம்மாந்துறை ஆலைக் கணக்கர்:
மூவருக்கும் நன்றி. 2000 ஐத் திரும்ப இட்டேன், திகதிகள் சரியாகிவிட்டன. மேலே ஒரு குறிப்பும் எழுதினேன்: "பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள். இந்த ஆண்டை மாற்ற வேண்டாம்." போகக் கணக்கை இன்றிரவு முயல்கிறேன்.