புதுப்பிப்பு: எலக்ட்ரானிக் டிரம்ஸ் வாங்கியாச்சு

அடுக்குமாடி வீட்டில் வாசிக்க, பட்ஜெட்டுக்குள் எந்த டிரம் கிட் எடுக்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். ரோலண்ட் டிடி-02கேவி, யமஹா டிடிஎக்ஸ்402கே, அலெசிஸ் நைட்ரோ மேக்ஸ் என்று மூன்று பெயர் வந்தன. எடுத்தது அலெசிஸ்.

காரணம் மெஷ் பேட், அதாவது குச்சியால் தட்டும் பரப்பு வலைத்துணி போல இருப்பது. ரோலண்டில் ஸ்னேர் (நம் முன்னால் இருக்கும் முக்கிய டிரம்) மட்டும்தான் மெஷ், யமஹாவில் எல்லாமே ரப்பர். அலெசிஸில் டாம் (சுற்றியுள்ள சின்ன டிரம்கள்), கிக் (காலால் பெடலை மிதித்து அடிப்பது) வரைக்கும் மெஷ்; ஸ்னேர் 10 அங்குலம். குச்சி துள்ளுவது அதிகமாகத் தெரிந்தால் டிரம் கீயால் (திருகைத் திருப்பும் சின்னச் சாவி) மெஷ்ஷைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம். சிம்பல் (தட்டு போன்ற ஜால்ரா) ஒலி என் காதுக்கு யமஹாவில்தான் நன்றாக இருந்தது, அது வேறு விஷயம்.

ஹெட்ஃபோன் மாட்டினால் சத்தமே இருக்காது என்று நம்பாதீர்கள். பெடலை மிதிக்கும் ஒவ்வொரு அடியும் தரை வழியாகக் கீழ் வீட்டுக்கு இறங்கும். கீழ் வீட்டு மாமி மறுநாளே மேலே வந்துவிட்டார். அப்புறம் இரண்டு பிளைவுட் பலகைக்கு நடுவே டென்னிஸ் பந்துகளைக் குழிக்குள் பாதி அமிழ வைத்து, கிட்டுக்கு அடியில் போட ஒரு மேடை செய்தேன். அதிர்வு வெகுவாகக் குறைந்தது. இரவு ஒன்பதுக்கு மேல் மட்டும் கிக்கைத் தொடுவதில்லை.

வாங்கப் போகிறவர்கள் ஸ்டூல், ஹெட்ஃபோன் இரண்டுக்கும் தனியாகப் பணம் ஒதுக்குங்கள்.