ஆங்கிலச் சொல்லின் அடுக்கை அதன் பிறப்பா தீர்மானிக்கிறது?

கேள்வி: உப்புவெளி மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் திருகோணமலையில் ஓர் ஆரம்பப் பாடசாலையில் கற்பித்துக்கொண்டே, வெளிவாரியாக ஆங்கிலப் பட்டப்படிப்பைத் தொடர்ந்து வருகிறேன். இப்போது நடையியல் பாடத்தில், ஆங்கிலச் சொற்றொகுதி மூன்று அடுக்குகளாக அமைந்துள்ளது என்று படிக்கிறோம். எந்த இடத்திலும் செல்லுபடியாகும் பொதுநிலைச் சொற்கள் நடுவிலும், ஏட்டு வழக்குக்குரிய இலக்கியச் சொற்கள் மேலேயும், பேச்சு வழக்குச் சொற்கள் கீழேயும் இருக்கின்றன. பிள்ளையைக் குறிக்கும் சொற்களில் ‘சைல்ட்’ பொதுநிலை, ‘இன்ஃபன்ட்’ ஏட்டுநிலை, ‘கிட்’ பேச்சுநிலை என்பது எல்லாக் குறிப்புகளிலும் வரும் உதாரணம்.

எனக்குக் கிடைத்த ஒரு வகுப்புக் குறிப்பில் இதற்கு எளிய சூத்திரம் ஒன்று இருந்தது. ஆங்கிலத்தின் பழைய ஜெர்மானியச் சொற்கள் கீழே நிற்கும். 1066இல் பிரான்சின் வடக்கிலிருந்து நோர்மன்காரர் வந்து இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் புகுந்த பிரெஞ்சுச் சொற்கள் நடுவில் நிற்கும். இலத்தீனிலிருந்து எடுக்கப்பட்டவை மேலே நிற்கும். கேட்பதைக் குறிக்கும் ‘ஆஸ்க்’, ‘குவெஸ்சன்’, ‘இன்டரொகேட்’ என்ற வரிசையையும், அரசனுக்குரியது என்ற பொருள் தரும் ‘கிங்லி’, ‘ரோயல்’, ‘ரீகல்’ என்ற வரிசையையும் பார்த்தபோது அது சரியென்றே தோன்றியது. அதை நம்பி, பகைவனைக் குறிக்கும் ‘ஃபோ’ என்ற சொல் பழைய ஆங்கிலத்துக்குரியது என்பதால் அதைப் பேச்சு வழக்கு என்று ஒப்படையில் எழுதினேன். புள்ளி கிடைக்கவில்லை, ஏன் பிழை என்ற விளக்கமும் கிடைக்கவில்லை.

இன்னொரு ஐயமும் உண்டு. ஓர் எழுத்தாளர் பேச்சு வழக்குச் சொல்லைக் கையாண்டாலே அது நடை உத்தி ஆகிவிடுமா? அல்லது உருவகம், ஆகுபெயர் என்று பெயர் சொல்லக்கூடிய ஒன்று அங்கே இருக்க வேண்டுமா? தெரிந்தவர்கள் விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

மறுமொழி: ஓய்வுநிலை ஆசிரியர்

அன்பின் தங்கைக்கு வணக்கம். முதலில் அந்தச் சூத்திரத்தைக் கைவிடுங்கள். அதில் பாதி உண்மை இருப்பதனால்தான் அது இத்தனை மாணவர்களை வழி தவறச் செய்கிறது.

மூன்று அடுக்குப் பிரிவை நீங்கள் படிக்கும் வடிவில் விரிவாக வகுத்து எழுதியவர் ஐ. ஆர். கல்பெரின் என்ற சோவியத் மொழியியலாளர். அவருடைய ஆங்கில நடையியல் நூல் 1971இல் மொஸ்கோவில் வெளிவந்தது. ஒரு சொல் எங்கே புழங்குகிறது என்பதுதான் அவர் கேட்ட கேள்வி; அது எந்த மொழியிலிருந்து வந்தது என்பது வரலாற்று இலக்கணத்தின் கேள்வி. கலைச்சொற்கள், செய்யுட் சொற்கள், வழக்கொழிந்த சொற்கள் முதலியவற்றை அவர் இலக்கிய அடுக்கில் வைத்தார். கொச்சை, குழூஉக்குறி, தொழிற்சொல், வட்டாரச் சொல் முதலியவற்றைப் பேச்சு அடுக்கில் வைத்தார்.

‘ஃபோ’ பழைய ஆங்கிலச் சொல் என்று நீங்கள் எழுதியது சரி. ஆனால் இன்று அது செய்யுளிலும் பத்திரிகைத் தலைப்பிலும் வாழும் சொல். அன்றாடப் பேச்சில் பகைவனுக்கு ஆங்கிலேயர் சொல்வது ‘எனிமி’. அதுவோ பிரெஞ்சிலிருந்து வந்தது. குதிரையைக் குறிக்கும் ‘ஸ்டீட்’, காலையைக் குறிக்கும் ‘மோர்ன்’ ஆகியவையும் அப்படித்தான். மண்ணின் சொற்களாக இருந்தும் பழைமை காரணமாகக் கவிதைக்குள் ஒதுங்கிவிட்டன. மறுபக்கம், ‘டேபிள்’, ‘ஃபேஸ்’, ‘ரிவர்’, ‘பீப்பிள்’ எல்லாம் பிரெஞ்சுச் சொற்கள். இவற்றை ஏட்டு வழக்கு என்று யாரும் சொல்லமாட்டார்கள். ‘டேக்’, ‘ஸ்கை’, ‘எக்’ ஆகியவை வைக்கிங்குகளின் நோர்ஸ் மொழி தந்தவை. இவற்றைவிடச் சாதாரணமான சொற்களைக் காட்டுவது கடினம்.

‘கிட்’ என்ற சொல்லின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. அதுவும் நோர்ஸ் வழி வந்ததுதான். ஆட்டுக்குட்டியைக் குறித்தது, பின்னர் பிள்ளையைக் கொச்சையாகக் குறிக்கலாயிற்று. நாம் ‘குட்டி’ என்ற சொல்லை விலங்கிலிருந்து பிள்ளைக்கு மாற்றியது போலவே அங்கும் நடந்திருக்கிறது. ஆகவே அதன் கீழ்நிலைக்குக் காரணம் அந்தப் பொருள் மாற்றத்தில் இருக்கிறது. அதே நோர்ஸ் மொழி தந்த ‘ஸ்கை’ கீழே இறங்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நம் வீட்டில் உள்ள ஒரு பொருளையே எடுத்துக்கொள்வோம். கிரேக்கத்தில் பிறந்து இலத்தீனுக்குச் சென்ற ‘கதீட்ரா’ என்ற சொல் இருக்கையைக் குறிக்கும். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் ‘செயார்’ ஆனது. போர்த்துக்கீச மொழி வழியாக நம்மிடம் ‘கதிரை’ ஆனது. ஆயர் அமரும் இருக்கை உள்ள பேராலயம் என்ற பொருளில் ‘கதீட்ரல்’ ஆனது. ஆங்கிலத்தில் ‘செயார்’ எவருக்கும் உரிய பொதுச் சொல். ‘கதீட்ரல்’ ஒரு துறைச் சொல். நம் ‘கதிரை’ ஈழத்தில் பொதுச் சொல்லாகவும் தமிழ்நாட்டு வாசகருக்கு வட்டாரச் சொல்லாகவும் ஒலிக்கிறது. ஒரே வேர், நிலையோ மூன்று.

அப்படியானால் அந்தச் சூத்திரத்தின் பாதி உண்மை எங்கிருந்து வந்தது? நோர்மன்காரர் ஆட்சி ஏறிய பின் ஏறத்தாழ 300 ஆண்டுகள் இங்கிலாந்தின் அரசவையும் நீதிமன்றமும் ஆவணங்களும் பிரெஞ்சிலும் இலத்தீனிலுமே இயங்கின. நீதிமன்ற வழக்காடல் ஆங்கிலத்தில் நடக்க வேண்டும் என்ற சட்டம் 1362இல்தான் வந்தது. அந்தச் சட்டமும் பிரெஞ்சிலேயே எழுதப்பட்டது. எழுத்து முழுவதும் வேற்றுமொழியின் கையில் இருந்தமையால், எழுத்துக்குரிய சொற்களில் பெரும்பகுதி அந்த மொழிகளிலிருந்தே வந்து நிலைத்தது.

நம் நாட்டில் நேர்மாறாக நடந்தது. 1620களில் கோணேசர் கோயிலை இடித்து அதன் கற்களால் கோட்டை கட்டிய போர்த்துக்கீசரும், அவர்களுக்குப் பின் வந்த ஒல்லாந்தரும் நம்மை ஆண்டவர்கள்தாம். ஆனால் அவர்கள் விட்டுச்சென்ற ‘குசினி’, ‘சப்பாத்து’, ‘கந்தோர்’ போன்றவை வாய்ப்பேச்சிலேயே தங்கின. எழுத்தில் ‘சமையலறை’யும் ‘அலுவலகமும்’ நின்றன. தமிழின் ஏட்டு மரபு புலவர்களின் கையை விட்டுப் போகாததே இதற்குக் காரணம் என்று நான் நினைக்கிறேன். ஆண்டவர் மொழிச் சொல் அங்கே மேலேறியது, இங்கே கீழே தங்கியது. பிறப்பு மட்டும் அடுக்கைத் தீர்மானிக்காது என்பதற்கு இதைவிட அருகிலுள்ள சான்று வேண்டியதில்லை.

பரீட்சையில் ஒரு சொல்லின் அடுக்கை அறிய வேண்டுமானால், அதைப் பிரதேச செயலாளருக்கு எழுதும் கடிதத்திலும், வீட்டு முற்றத்துப் பேச்சிலும், ஒரு கவிதை அடியிலும் வைத்துப் பாருங்கள். மூன்றிலும் உறுத்தாவிட்டால் அது பொதுநிலை. ஒன்றில் மட்டும் இயல்பாக அமர்ந்து மற்றவற்றில் துருத்தினால் அதன் வீடு அதுவே.

உங்கள் இரண்டாவது ஐயத்துக்கு வருகிறேன். சொல்லுக்குள்ள நிறம் மொழி கொடுத்தது. அந்த நிறத்தைக் கொண்டு எழுத்தாளர் ஏதாவது செய்தால்தான் அது உத்தி. ஒரு நாவலில் துறைமுகத் தொழிலாளி கொச்சையில் பேசினால் அது பாத்திரத்துக்குரிய பேச்சு. ஆனால் ‘ஹிஸ் மஜெஸ்டி’ என்று தொடங்கிய வாக்கியம் ‘கிக்ட் த பக்கெட்’ என்று முடிந்தால், ‘மாமன்னர் மண்டையைப் போட்டார்’ என்பது போல, மேலடுக்கும் கீழடுக்கும் ஒரே வாக்கியத்தில் மோதுகின்றன. அரசனின் மதிப்பு அந்த மோதலில் சரிகிறது. அங்கே உருவகம் என்றோ ஆகுபெயர் என்றோ தனியே பெயர் சொல்லவேண்டிய தேவை இல்லை. அடுக்குக் கலப்பே உத்தியாக வேலை செய்கிறது. விடையில் எந்தச் சொல் எந்த அடுக்கிலிருந்து வந்து எதனோடு மோதுகிறது என்று காட்டுங்கள்.

மறுமொழி: கிண்ணியாத் துறை

வணக்கம் சகோதரி. ஆசிரியர் ஐயா இறப்புச் சொற்களைத் தொட்டதால் ஒன்றைச் சேர்க்கிறேன். எங்கள் ஊரில் ‘வபாத்தானார்’ என்பது மரண அறிவித்தலிலும் வீட்டுப் பேச்சிலும் வரும் மதிப்பான சொல். அதே மாவட்டத்தில் சைவ வீட்டு அறிவித்தல் ‘சிவபதம் அடைந்தார்’ என்கிறது; கிறிஸ்தவ வீட்டு அறிவித்தல் ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்கிறது. ஆங்கிலத்தில் ‘டை’ பொதுநிலை, ‘எக்ஸ்பயர்’ ஏட்டுநிலை, ‘பாஸ் அவே’ துயரத்தை மென்மையாக்கும் சொல் என்று படிக்கும்போது, நம் அறிவித்தல்களை அருகில் வைத்துப் படித்தால் மனத்தில் நன்றாகப் பதியும். அமங்கலத்தை மறைத்து மங்கலமாகச் சொல்வதை நம் இலக்கணம் ‘மங்கலம்’ என்றே பெயரிட்டு வைத்திருக்கிறது.

நான் சொல்ல விரும்பும் முக்கிய விடயம் வேறு. ஒரே சொல் ஒரே காலத்தில் இரண்டு அடுக்குகளில் இருக்க முடியும். என் தகப்பனாரும் அவருடைய தகப்பனாரும் கடற்றொழில் செய்தவர்கள். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றின் பெயர்களை நான் எழுத்துக் கூட்டப் பழகுமுன்பே வீட்டில் கேட்டேன். பின்னர் பாடசாலையில் ‘கொண்டல்’ என்ற சொல்லைச் செய்யுளில் கண்டபோது, ஆசிரியர் அதை அருஞ்சொல்லாகக் கரும்பலகையில் எழுதி விளக்கியது எனக்கு வியப்பாக இருந்தது. கவிஞனுக்கு அது செய்யுட் சொல். கடலுக்குப் போகிறவருக்கு அது நாளாந்தத் தொழிற்சொல்.

ஆங்கிலத்தில் ‘கேல்’ அப்படிப்பட்டது. பழைய கவிதைகளில் அது மரங்களிடையே வீசும் இளங்காற்றைக் குறிக்கும். மாலுமிக்கு அது ஆபத்தின் பெயர். 1805இல் பிரித்தானியக் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபோர்ட் வகுத்த காற்றின் அளவுகோலில் அது 8ஆம் நிலை, மணிக்கு 34 முதல் 40 கடல்மைல் வேகம். கவிதையில் ‘கேல்’ வந்தால் அதைப் புயல் என்று மொழிபெயர்த்து விடாதீர்கள்.

கலைச்சொல்லும் தொழிலாளர் வழங்கும் சொல்லும் வேறு என்பதையும் நம் துறைமுகத்தை வைத்தே விளங்கிக்கொள்ளலாம். நீருக்குள் பாய்ந்து கப்பலைத் தாக்கும் வெடிகருவியைக் குறிக்கும் ‘டோர்பிடோ’ கலைச்சொல், ஆகவே இலக்கிய அடுக்கைச் சேர்ந்தது. அதையே கடற்படையினர் தங்களுக்குள் ‘டின் ஃபிஷ்’, அதாவது தகர மீன் என்றார்கள். இது பேச்சு அடுக்கைச் சேர்ந்தது. ‘டின் மீன்’ என்றவுடன் நமக்குக் கடையில் வாங்கும் தகரப் பேணிதான் நினைவுக்கு வரும். குழுவுக்கு வெளியே இருப்பவருக்கு வேறு பொருளைக் காட்டுவதே குழூஉக்குறியின் இயல்பு. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பார்கள் என்று நம் இலக்கண உரைகள் தரும் உதாரணமும் இந்த இனமே.

சில தொழிற்சொற்கள் தாம் பிறந்த கப்பலையே மறந்துவிடுகின்றன. பொதுவாகச் சொன்னால் என்ற பொருளில் ஆங்கிலேயர் வழங்கும் ‘பை அன்ட் லார்ஜ்’, காற்றுக்கு எதிர்முகமாகவும் காற்றைப் பின்னால் வாங்கியும் பாய் விரிப்பதைக் குறித்த மாலுமிகளின் சொல். இன்று அதைச் சொல்கிறவர் கடலை நினைப்பதில்லை.

உப்புவெளி மாணவி

ஆசிரியர் ஐயாவுக்கும் கிண்ணியா அண்ணாவுக்கும் மனமார்ந்த நன்றி. ‘கதிரை’யும் ‘செயாரும்’ ஒரே வேர் என்பது இத்தனை நாள் எனக்குத் தெரியாது. இன்னும் ஒன்று கேட்கலாமா? ‘மெட்டொனிமி’ என்பதற்கு ஆகுபெயர் என்றும், ‘சூக்மா’ என்பதற்குத் தீவக அணி என்றும் எழுதிவிடலாமா? என் குறிப்பில் இரண்டையும் அப்படித்தான் மொழிபெயர்த்து வைத்திருக்கிறேன்.

மறுமொழி: சாம்பல்தீவுத் தமிழ்

தங்கச்சி, முதலாவதைக் கொஞ்சம் திருத்தி எழுதலாம், இரண்டாவதை எழுதவேண்டாம்.

நான் தமிழ் கற்பிக்கிறேன். ஆங்கில நடையியலைப் பின்னர்தான் படித்தேன். அப்போது என்னைக் கவர்ந்த ஒன்று, நன்னூல் ஆகுபெயரை அணியாகக் கொள்ளாமல் சொல்லதிகாரத்தில் வைத்திருப்பதுதான். ஒன்றன் பெயரால் அதனோடு இயைந்த பிறிதொன்றைத் ‘தொன்முறை’யாகச் சொல்லிவருவதே ஆகுபெயர் என்பது அங்குள்ள வரையறை. ‘தொன்முறை’ என்ற அந்த ஒரு சொல்லில் நீங்கள் தேடும் வேறுபாடு அடங்கியிருக்கிறது. ‘ஊர் சிரித்தது’ என்பது வழிவழியாக வருவது. யாரும் புதிதாகக் கண்டுபிடித்தது அல்ல. ஆங்கிலத்தில் அரசனைக் ‘கிரவுன்’ என்பதும், கேத்தல் கொதிக்கிறது என்பதும் அந்த வகை. இவை மொழியின் சொத்து. ஓர் எழுத்தாளர் தன் கதைக்குள் மட்டும் பொருந்தும்படி ஒரு மனிதரை அவர் அணிந்த மூக்குக்கண்ணாடியின் பெயராலேயே குறித்துக்கொண்டு போனால், அது அவர் ஆக்கிய உத்தி. ‘மெட்டொனிமி’ என்ற பெயர் இரண்டையும் தழுவும். ஆகுபெயர் முதலாவதையே சரியாகக் குறிக்கும். உருவகத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். மேசையின் ‘லெக்’, மலையின் ‘ஃபுட்’ என்பவற்றை உருவக உத்தி என்று எழுதினால் புள்ளி கிடைக்காது. நம் ‘மலையடி’ போல அவை சொல்லாகவே உறைந்துவிட்டன.

தீவகம் வேறு கதை. ஓரிடத்தில் வைத்த விளக்கு பல இடங்களுக்கு ஒளி தருவது போல, ஓரிடத்தில் நின்ற சொல் பல இடங்களில் சென்று பொருள் தருவது அது. தண்டியலங்கார உதாரணத்தில் ‘சேந்தன’ என்ற சொல், வேந்தனின் கண்ணுக்கும் பகைவரின் தோளுக்கும் அம்புக்கும் பறவைக்கும் சிவந்தன என்ற ஒரே பொருளையே தருகிறது. உங்கள் பாடத்தில் வரும் ‘சூக்மா’வில் அந்தச் சொல்லின் பொருள் இடையிலே மாறவேண்டும். சார்ல்ஸ் டிக்கன்ஸின் பிக்விக் நாவலில் ஒரு பெண் சீட்டாட்ட மேசையிலிருந்து கலக்கத்தோடு எழுந்து, கண்ணீர் வெள்ளத்திலும் பல்லக்கிலும் வீடு போய்ச் சேர்கிறாள். ‘இல்’ என்ற உருபு முதலில் மனநிலையைக் காட்டுகிறது, அடுத்த சொல்லிலே வாகனத்தைக் காட்டுகிறது. துயரத்தை வாகனத்துக்கு அருகில் வைத்தவுடன் அதன் கனம் போய்விடுகிறது.

தமிழில் இதைப் பழகிப்பார்க்க ‘பிடி’ என்ற வினை நல்லது. ‘தம்பி காலையில் மீனும், பத்து மணிக்குப் பஸ்ஸும், வீடு வந்ததும் அடமும் பிடித்தான்’ என்று எழுதிப்பாருங்கள். மூன்றிலும் வினை ஒன்று. பொருள் ஒவ்வொன்றிலும் வேறு. ஆகையால் விடைத்தாளில் ‘சூக்மா’ என்றே தமிழ் எழுத்தில் எழுதி, பக்கத்தில் ‘ஒரு சொல், வேறுபட்ட பொருளில் இரண்டு பெயர்களை ஒருங்கே ஆள்வது’ என்று விளக்கம் கொடுங்கள். தீவகத்தைக் குறிப்பிட விரும்பினால், பொருள் மாறாத நிலையில் அதனோடு ஒப்பிடத்தக்கது என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.